வார்ப்பிரும்பும் விரல்களும்: இழைப்பு இயந்திரத்தின் பூர்வோத்திரம்

பனாப்டிகன் என்ற சொல்லை நமது சிற்றேட்டு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபூக்கோ தமிழுக்கு வந்த நாள்தொட்டு அந்த வட்டச் சிறை நம் கட்டுரைகளில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், தன்னைப் பார்ப்பவனைத் தான் பார்க்க முடியாத கைதி. கூடவே ஜெரமி பெந்தம் என்ற பெயரும் வரும். அவருடைய தம்பி சாமுவேல் பெந்தமை மட்டும் நாம் கண்டுகொள்வதில்லை. இத்தனைக்கும் அந்த வட்டக் கட்டடத்தை முதலில் யோசித்தவர் தம்பிதான். அதுவும் சிறைக்காக அல்ல, பட்டறைக்காக. ரஷ்யப் பிரபு பொட்டெம்கினின் கிரிச்சேவ் பண்ணையில் (இப்போது பெலாரஸில் இருக்கிறது) வேலைக்காரர்களை ஒரே இடத்திலிருந்து மேற்பார்க்க அவர் போட்ட திட்டம் அது. அங்கே போயிருந்த அண்ணன் 1787-இல் அதைப் பற்றி எழுதிய கடிதங்களே பிறகு 1791-இல் நூலாயின. சிறையின் தத்துவத்தைப் படித்த நாம் பட்டறையின் தத்துவத்தைப் படிக்காமல் விட்டுவிட்டோம்.

தம்பியின் கதை அதோடு முடியவில்லை. 1791-இல் மரம் இழைக்கும் இயந்திரத்துக்கு ஒரு காப்புரிமை, 1793-இல் இழைப்பது, அறுப்பது, துளைப்பது, சட்டத்தில் பள்ளம் பறிப்பது என்று தச்சு வேலையின் ஏறக்குறைய எல்லாச் செயல்களையும் வளைத்துப் போடுகிற இன்னொரு காப்புரிமை. இந்த இயந்திரங்களை எதற்காக யோசித்தார்? அண்ணன் கட்ட நினைத்த சிறையில் கைதிகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். கைதிக்குத் தச்சு தெரியாது, கற்றுக்கொடுக்க ஏழு வருஷம் ஆகும். எனவே தச்சு தெரியாதவன் கைப்பிடியைச் சுற்றினாலும் பலகை இழைபட வேண்டும். மர இயந்திரங்கள் கைதியின் உடலை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, வரலாறாகவே சொல்கிறேன். ஜெரமி சிறையைக் கட்டவே இல்லை. இயந்திரங்களோ லண்டனில் குவீன் ஸ்கொயர் பிளேஸிலிருந்த அவர் வீட்டிலேயே செய்யப்பட்டன. மர இயந்திரங்களின் முதல் தொழிற்சாலை ஒரு தத்துவவாதியின் வீடு.

வீட்டில் பிறந்த அந்த இயந்திரம் இருநூறு வருஷம் ஆலைகளைச் சுற்றிவிட்டு இன்று மறுபடி வீட்டுக்கு வந்து நிற்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய மர இயந்திரங்களை வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுதுபார்த்து ஓடவிடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. காசுக்குச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் வேறு வேலையில் பிழைக்கிறவர்கள் அல்லது ஓய்வுபெற்றவர்கள். பதினாறு அங்குல அகலத்துக்கு மரம் இழைக்கும் ஒரு பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். அடியில் இரும்புக் குழாய்களை உருட்டுக்கட்டையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி, விரல்கடை விரல்கடையாக நகர்த்திக் கொண்டுவருகிறார்கள். ஆலையில் மும்முனை மின்சாரத்தில் ஓடியது, வீட்டிலோ ஒருமுனை. அதற்குத் தனியாக ஒரு மாற்றி வைக்க வேண்டும். என்னத்துக்கு இந்தப் பாடு என்று வீட்டில் கேட்காமலா இருப்பார்கள்?

இவை எப்படி இவர்கள் கைக்கு வருகின்றன என்பதைப் பார்த்தால் பொருளாதார வரலாறு ஒன்று அவிழும். அமெரிக்க மரச்சாமான் உற்பத்தி மிச்சிகனிலிருந்து தெற்கே வட கரோலினாவுக்கு நகர்ந்தது. 2000-க்குப் பிறகு அங்கிருந்தும் பெருமளவு சீனாவுக்குப் போனது. சீனத்துப் படுக்கையறை மரச்சாமான்கள் மேல் 2005-இல் அமெரிக்கா தண்டவரி போட்டுப் பார்த்தும் கரோலினா ஆலைகள் மூடிக்கொண்டேதான் வந்தன. பள்ளிக்கூடங்களில் மரவேலை வகுப்புகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இரண்டு இடத்து இயந்திரங்களும் ஏலத்துக்கு வந்தன. பழைய இரும்பு விலைக்கு ஒன்றிரண்டு டாலர் கூடக் கொடுத்தால் போதும் என்கிற நிலைமை. வேலை போனவன் வீட்டுக்குப் போனான், இயந்திரம் வேறொருவன் வீட்டுக்குப் போனது.

இவர்கள் செய்கிற வேலையில் எனக்கு மரியாதை உண்டு. பேரிங் ஊற்றுவதையே எடுத்துக்கொள்வோம். 1839-இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற வெள்ளீயக் கலவைதான் பழைய இயந்திரங்களில் தண்டு சுழலும் மெத்தை. வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்தது. தேய்ந்துபோனால் கடையில் கிடைக்காது, ஊற்றித்தான் ஆக வேண்டும். பழையதை உருக்கி எடுத்துவிட்டு வார்ப்பிரும்புக் கூட்டைச் சூடேற்றுவார்கள். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் ஆவி வெடித்து உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். தண்டின்மேல் விளக்குப் புகையைப் பிடிப்பார்கள், கரி படிந்தால் கலவை ஒட்டாது. தண்டை அது நிற்க வேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் நிறுத்தி, ஓரங்களை மக்கு வைத்து அடைத்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். சூடு சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பைன் குச்சியை உள்ளே விட்டால் கருக வேண்டும், பற்றக் கூடாது. ஆறிய பிறகு தண்டில் நீலமை தடவிச் சுழற்றி, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டியால் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி... ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் போகும்.

ஹாரி பிரேவர்மன் 'லேபர் அண்ட் மோனோபொலி கேப்பிடல்' (1974) நூலில் முதலாளியம் தொழிலாளியின் திறனைப் பிடுங்கி நிர்வாகத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்துவிடுகிறது என்று வாதிட்டது நமக்குத் தெரியும். அவர் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் செப்புவேலை பழகியவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கையால் தெரிந்து எழுதியவர். அவர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். தச்சனிடமிருந்து பிடுங்கிய திறன் மாயமாகிவிடவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்கிறவன், பேரிங் ஊற்றுகிறவன், கத்தி தீட்டுகிறவன் என்று வேறு கைகளுக்கு இடம் மாறியது. இன்று இன்னொரு முறை இடம் மாறியிருக்கிறது. ஆலையில் கூலியோடு இருந்த திறன் கொட்டகையில் கூலியில்லாமல் இருக்கிறது. பிழைப்புக்கு அதை நம்ப வேண்டியிராதவனால்தான் ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் செலவழிக்க முடிகிறது.

இதுவரை சரி. என் சண்டை 'புதுப்பித்தல்' என்ற காரியத்தோடுதான். சொல்லைப் பாருங்கள், புதுசாக்குவது. மணல்வீச்சால் துருவை எடுத்து, கம்பெனியின் பழைய சாம்பல் நிறத்தையோ பச்சையையோ தேடிப்பிடித்துப் பூசி, பெயர்ப்பலகையை மெருகேற்றி மாட்டுகிறார்கள். (நம்மூரில் மணல்வீச்சுக்குப் பலியான கோயில் கல்வெட்டுகள் நினைவுக்கு வராமல் இருக்காது.) இயந்திரம் பட்டறைக்குள் நுழைவதற்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவதே இலட்சியம். வேறு வார்த்தையில் சொன்னால், யாரும் அதில் வேலை செய்யாத நாளுக்குத் திரும்புவது. தொடர் எண்ணை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். முடிந்தால் முதலில் வாங்கிய கம்பெனி எது என்றுகூடத் தேடுகிறார்கள். இயந்திரத்தின் வாழ்க்கை வரலாறு என்று அவர்கள் எழுதுவது பெரும்பாலும் சொத்துப் பத்திரத்தின் வரலாறு.

அந்தப் பெயர்ப்பலகையையே வாசிப்போம். ஆலிவர் மெஷினரி கம்பெனி, கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன். இந்தத் துறையில் மிக மதிக்கப்படுகிற பெயர்களில் ஒன்று, 1890-இல் தொடங்கியது. கிராண்ட் ராபிட்ஸ் அப்போது அமெரிக்காவின் மரச்சாமான் தலைநகரம். அங்கே 1911 ஏப்ரல் 19-இல் ஆயிரக்கணக்கான மரச்சாமான் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பத்து மணி நேரத்தை ஒன்பதாகக் குறை, கூலியில் பத்து சதவீதம் கூட்டு, உருப்படிக் கணக்குக் கூலியை ஒழி. கோரிக்கை அவ்வளவுதான். முதலாளிகள் சங்கம் பேசவே மறுத்தது. டச்சுக்காரர்களின் கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபை தொழிற்சங்கத்துக்கு எதிராக நின்றது, கத்தோலிக்க பிஷப் ஷ்ரெம்ப்ஸ் தொழிலாளர் பக்கம் பேசினார். மே 15 அன்று விடிகோம் ஆலையின் கருங்காலிகளைக் காரில் ஏற்றிப்போன முதலாளியைக் கூட்டம் மறித்துக் கல்லெறிந்தது. கருங்காலி என்ற சொல்லை நமக்குக் கொடுத்ததே மரம்தான், கோடாலிக்குக் காம்பாகி மற்ற மரங்களை வெட்டுகிற மரம் என்பார்கள். நாலு மாதம் தாக்குப்பிடித்த போராட்டம் ஆகஸ்டில் தோற்றது. 1916-இல் நகரத்தின் சாசனமே மாறி 12 வார்டுகள் 3 ஆயின. தொழிலாளர் குடியிருப்புகள் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி குறுகியது. போராட்டத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க 2007 வரை ஆயிற்று. பித்தளைப் பலகையில் ஊர்ப் பெயர் மட்டும் பளபளக்கிறது.

உருப்படிக் கூலி என்பதற்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு சாமுவேல் பெந்தமிடமே தொடங்குகிறது. 1796-இல் அவர் பிரிட்டிஷ் கடற்படைப் பட்டறைகளின் தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். அந்தப் பட்டறைகளில் கப்பல் தச்சர்களுக்கு ஒரு பழைய உரிமை இருந்தது. மிஞ்சும் துண்டு மரத்தை, அவர்கள் பேச்சில் 'சிப்', வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மூன்று அடிக்குள் இருந்தால் அது சிப். ஆகையால் நல்ல மரமும் மூன்றடித் துண்டுகளாக மிஞ்சும், கேட்பானேன்! தோளில் சுமந்து போகலாமா, அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் போக வேண்டுமா என்பதற்கே 18-ஆம் நூற்றாண்டில் பெரிய தகராறு நடந்தது. தோளில் என்றால் நிறையக் கொள்ளும். நிர்வாகம் அதைத் திருட்டு என்றது, தச்சர்கள் கூலியின் ஒரு பகுதி என்றார்கள். 1801-இல் உரிமை ஒழிக்கப்பட்டுப் பதிலுக்குக் காசு கொடுக்கப்பட்டது. பீட்டர் லைன்பா 'த லண்டன் ஹேங்டு' (1991) நூலில் இந்தக் கதையைத் தூக்குமேடைகளின் கதையோடு சேர்த்துச் சொல்கிறார். துண்டு மரம் குற்றமான அதே காலத்தில்தான் போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் கப்பிகள் செய்யும் ஆலை எழுந்தது. யோசனை மார்க் பிரூனெலுடையது, இயந்திரங்கள் ஹென்றி மாட்ஸ்லே செய்தவை, இடம் கொடுத்து ஆதரித்தவர் சாமுவேல். 1808-இல் அங்கே வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. 110 பேர் செய்த வேலைக்கு 10 பேர் போதும், அவர்களுக்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். மற்ற 100 பேர் என்ன ஆனார்கள் என்று தொழில்நுட்ப வரலாறுகள் கேட்பதில்லை.

இனி விரல்கள். கையால் மரத்தைத் தள்ளி இழைக்கும் இயந்திரத்தில் இரண்டு வார்ப்பிரும்பு மேசைகளுக்கு நடுவே கத்தி பூட்டிய கட்டர் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும். பழைய இயந்திரங்களில் அந்தக் கட்டர் சதுரமானது. ஒரு சதுர எஃகுக் கட்டை, அதன் முகங்களில் போல்ட் போட்டு முடுக்கிய கத்திகள். சதுரம் சுழலும்போது மூலைக்கும் மூலைக்கும் நடுவே பெரிய பள்ளம் வாய்போல வந்து வந்து போகும். மரம் உதறி எகிறினால் தள்ளிக்கொண்டிருக்கும் கை அந்த வாய்க்குள் விழும். சதுரக் கட்டர் விரலை வெட்டிவிட்டு விடுவதில்லை, உள்ளே இழுத்துக்கொள்ளும். உருண்டைக் கட்டரில் கத்தி உருளைக்குள் பதிந்து நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலும் காயம் உண்டு, ஆனால் சதை போகும், கை போகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருண்டைக் கட்டர் வந்துவிட்டது. ஆனாலும் கையால் தள்ளி இழைக்கும் இயந்திரத்தில் அதுதான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதி வந்தது 1922-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சதுரம் மலிவாக இருந்தது. உருப்படிக் கூலிக்காரன் வேகமாகத் தள்ளினான். மேலே காப்புத் தகடு இருந்தால் வேகம் குறையும், அதைக் கழற்றி வைத்தான். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதுவதற்கு இது வசதியாகப் போயிற்று.

பழைய இயந்திரம் வாங்கியவன் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சதுரக் கட்டரோடு வந்த இயந்திரத்தை அசலாகவே விடுவதா, உருண்டை செய்து மாட்டுவதா? அசல்வாதிகள் இருக்கிறார்கள். ஒரு போல்டைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் வரலாறு கெடும் என்பார்கள். ஓட்டாமல் அருங்காட்சியகத்தில் நிறுத்துவதானால் அவர்கள் சொல்வது நியாயம்தான். மரம் தள்ளுவதற்கானால் அந்த அசல்தன்மை முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குக் காட்டுகிற விசுவாசம், வேறில்லை. உருண்டையை மாட்டுகிறவனே அந்த இயந்திரத்தின் வரலாற்றைப் படித்தவன். இன்னொரு பக்கம், பல்லாண்டுகள் கை பட்டு மழமழத்துப்போன நெம்புகோல் பிடியையும், மரம் உரசி உரசி நடுவில் குழிந்த மேசையையும், ஆலை தன் சொத்து எண்ணைப் பொறித்து அறைந்த தகட்டையும் தேய்த்துக் கழற்றி எறிகிறார்களே, அங்கேதான் அசல்வாதம் பேச வேண்டும். மேசையின் குழியைச் சமப்படுத்தாவிட்டால் பலகை நேராக வராது, தெரியும். பிடிக்குச் சாயம் பூசாவிட்டால் எதுவும் கெடாது.

கழற்றிய சதுரக் கட்டர் சாமானியத்தில் குப்பைக்குப் போவதில்லை, நல்ல எஃகு என்பதால் மனசு வராது. கத்திகளை உருவிவிட்டு அலமாரியில் வைக்கிறார்கள், சிலர் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். கைகொள்ளாத கனம். கத்தி உட்கார்ந்த முகங்களில் போல்ட் துளைகள் வரிசையாக இருக்கும். பலதடவை கத்தி மாற்றி முடுக்கியதில் துளைகளின் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும்.