சோஹோ வரைபடமும் லண்டன் சாக்கடைகளும்
1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கெட்ட காற்றே நோய் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. டாக்டர் ஜான் ஸ்நோவின் சந்தேகமோ குடிநீர்மீது. இறப்புப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வீடாக விசாரித்தார். மடிந்தவர்களில் பெரும்பாலானோர் பிராட் தெருப் பம்பில் நீர் எடுத்தவர்கள். பக்கத்துப் பீர் ஆலையில் அந்த நீரைக் குடிக்காத தொழிலாளர்களோ தப்பியிருந்தனர். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சாவையும் ஒரு கறுப்புக் கோடாகக் காட்டிய ஸ்நோவின் புகழ்பெற்ற வரைபடம் அதன் பிறகே வெளிவந்தது. பம்பை ஒட்டிய மலக்குழி கசிந்தது பின்னர் தெரியவந்தது.

1858 கோடையில், நகரின் கழிவு கலந்த தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றம் புதிய சாக்கடைகளுக்கான நிதிக்கு வழிசெய்தது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட், கழிவை ஆற்றில் விழவிடாமல் கிழக்கே திருப்பும் பெருஞ்சாக்கடைகளைச் சுமார் 130 கிலோமீட்டருக்கு அமைத்தார். 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, அப்பணி முடியாத கிழக்கு லண்டனே பெரிதும் பாதிக்கப்பட்டது. அதன்பின் லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவில்லை.