புராஸ்டேட் புற்றுநோய்: கண்காணிப்பு, திசுப் பரிசோதனை, சிகிச்சைத் தெரிவுகள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறு சுரப்பியே புராஸ்டேட். இதில் தோன்றும் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாகவே வளர்கிறது. ஆகவே, குறைந்த அபாயமுள்ள நோய் எனத் தெரியவந்தால், உடனடிச் சிகிச்சைக்குப் பதிலாகத் தொடர் கண்காணிப்பை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். "ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்" எனக் குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. ஆனால் கண்காணிப்பும் ஒரு மருத்துவ முறையே.

பிரிட்டனில் பரவாத நிலையிலிருந்த நோயாளிகள் 1,643 பேரிடம் நடத்தப்பட்ட புரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளியாயின. கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு ஆகிய மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. எனினும், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு 9 பேருக்கும், மற்றவற்றில் 5 பேருக்கும் ஆகும். பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கண்காணிப்பில் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும். எம்ஆர்ஐ, மறு திசுப் பரிசோதனை ஆகியவற்றின் காலத்தை மருத்துவர் முடிவு செய்வார். ஒருமுறை ஒசூரிலும் மறுமுறை பெங்களூருவிலும் எனப் பரிசோதிப்பதைவிட, ஒரே ஆய்வகத்தில் செய்வது ஒப்பிட உதவும். சிறுநீர்த் தொற்று பிஎஸ்ஏ அளவை உயர்த்தும். ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு மாத்திரைகள் அதைப் பாதியளவு குறைத்துக் காட்டும். எனவே, உட்கொள்ளும் மருந்துகளைத் தவறாமல் தெரிவியுங்கள்.

திசுப் பரிசோதனைக்குப் பின்

சிறுநீரிலும் மலத்திலும் சில நாள்களுக்கு இரத்தம் தென்படலாம். விந்தில் சில வாரங்கள் வரை பழுப்பு நிறம் நீடிக்கலாம். இது பெரும்பாலும் தானாகவே சரியாகும். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர் முன்னதாகவே மருத்துவரிடம் கூற வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, இரத்தக் கட்டிகள் வெளியேறுதல் ஆகியவை அவசர அறிகுறிகள். மலக்குடல் வழியே செய்யப்படும் பரிசோதனையில் கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு சற்று அதிகம். பெங்களூருவில் பரிசோதனை முடித்து அன்றே வீடு திரும்பியவர், இரவில் காய்ச்சல் வந்தால் அதே மருத்துவமனைக்குச் செல்ல விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து, அருகிலுள்ள ஒசூர் அரசு மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். பரிசோதனைச் சீட்டை உடன் கொண்டு செல்லுங்கள்.

சிகிச்சையைத் தெரிவு செய்யும்போது

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் விறைப்புத்தன்மைக் குறைவும் ஏற்படலாம். கதிர்வீச்சு மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உறுத்தலாம். அதற்குப் பல நாள்கள் சென்று வர வேண்டியிருக்கும். சிப்காட் ஆலைகளில் முறைப்பணி செய்பவர் இதையும் கணக்கில் கொள்வது நல்லது. தாம்பத்தியம் பற்றிக் கேட்கக் கூச்சம் வேண்டாம். மருத்துவருக்கு இது அன்றாடக் கேள்வியே.

இஎஸ்ஐ காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு, புற்றுநோய்க்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை உண்டு. பங்களிப்பு நிபந்தனைகளை நிறைவு செய்தால், ஊதியத்தில் 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், கர்நாடக மருத்துவமனையில் சேரும் முன், அந்த அட்டை அங்கு ஏற்கப்படுமா என எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.