கழற்றக்கூடிய கன்ட்ரோலரும் கையடக்க விளையாட்டுக் கணினியின் உடலமைப்பும்

கையில் ஏந்தி விளையாடும் கணினிகளைப் பற்றி எழுதுவோர், கன்ட்ரோலரைக் கழற்றி எடுக்கும் வசதியைப் பெரும்பாலும் ஓர் உபரிச் சௌகரியமாகவே கணக்கில் வைக்கிறார்கள். வேண்டியவன் கழற்றிக்கொள்ளட்டும், வேண்டாதவன் பொருத்தியே வைத்துக்கொள்ளட்டும், இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர்கள் கட்சி. இக்கட்சி நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கருவியைத் துண்டுகளாகப் பிரிக்கலாம் என்று தீர்மானித்த மாத்திரத்தில், அதன் எடை, பேட்டரி, விசிறி அமரும் இடம், உள்ளங்கையில் படியும் வளைவு ஆகிய யாவும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு விடுகின்றன. ஆகவே வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூடக் கழற்றாதவனும் அதன் விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த விலை எந்த நிலையில் நியாயமாகிறது என்பதை, லெனோவோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட லீஜியன் கோ என்ற கணினியைப் பிரதான திருஷ்டாந்தமாகக் கொண்டு ஆராயலாம்.

இவ்வமைப்பை உலகறியச் செய்தது கணினியன்று. 2017 மார்ச்சில் கடைக்கு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச். அதற்கு முந்தைய அக்டோபரில் காட்டப்பட்ட அறிமுகப் படத்தில், ஒரு பெண் அந்தக் கருவியை மொட்டைமாடி விருந்துக்கு எடுத்துச் சென்று நண்பர்களோடு விளையாடுகிற காட்சி வரும். கழற்றுவதன் பிரயோஜனம் முழுவதும் அக்காட்சியில் அடங்கியிருக்கிறது. ஜாய்-கான் எனப்படும் ஒவ்வொரு பாதியையும் படுக்கவைத்துப் பிடித்தால் அதுவே ஒரு தனி கன்ட்ரோலர். திரையுடலோடு உரசிச் செல்லும் பக்கத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு பொத்தான்கள் அந்த உபயோகத்துக்காகவே வைக்கப்பட்டவை. அன்றியும், திரையுடலைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் செருகிவிட்டால், விளையாடுபவன் கையில் ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ஆக, ஒன்றை வாங்கி இருவர் விளையாடுவது, டாக்கில் வைத்துவிட்டு விலகி உட்காருவது என்னும் இரு காரணங்களால் அப்பிரிவு அவசியமாயிற்று. 2019இல் வந்த ஸ்விட்ச் லைட்டில் நின்டெண்டோ டாக் இணைப்பை நீக்கியபோது கழற்றும் அமைப்பையும் சேர்த்தே நீக்கியது. காரணம் போனபின் காரியத்தை வைத்துக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை.

கணினிக்கோ இவ்விரு காரணங்களும் பலவீனமானவை. வின்டோஸ் ஓடும் எந்தக் கருவியோடும் கடையில் கிடைக்கும் சாதாரண கன்ட்ரோலர் ஒன்றைக் கம்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ இணைத்துவிடலாம். அது கழற்றி எடுத்த இரு பாதிகளைவிடக் கைக்கு இதமாகவும் இருக்கும். லீஜியன் கோவின் இரு பாதிகளையும் வின்டோஸ் இயல்பாக ஒரே கன்ட்ரோலராகவே பாவிப்பதால், ஸ்விட்ச்சின் மொட்டைமாடிக் காட்சி இங்கே தானாக நிகழ்வதில்லை. இருந்தும் முயற்சிகள் ஓயவில்லை. ரேசர் நிறுவனம் 2013இல் எட்ஜ் என்ற 10.1 அங்குலப் பலகைக் கணினியை விற்றபோது, இருபுறமும் கைப்பிடி கொண்ட சட்டம் ஒன்றைத் தனியாக அளித்தது. 2020இல் டெல் தன் ஏலியன்வேர் பெயரில் காட்டிய கான்செப்ட் யுஎஃப்ஓ என்ற மாதிரி, ஸ்விட்ச்சைப் போலவே பிரியும் கைகளோடு அரங்கேறி, விற்பனைக்கு வராமலே மறைந்தது. ஆசை பழையது, காரணம்தான் சரியாகக் கூறப்படவில்லை.

காரணத்தைப் பரிமாணங்களில் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக்கின் அகலம் 298 மில்லிமீட்டர். லீஜியன் கோவின் அகலம், கன்ட்ரோலர்கள் பொருத்திய நிலையில், 298.8. ஏறக்குறைய ஒரே அகலம். ஆனால் முன்னதன் திரை 7 அங்குலம், பின்னதன் திரை 8.8 அங்குலம். இந்த வித்தியாசம் எங்கே போயிற்று என்று பார்த்தால், ஸ்டீம் டெக்கில் இரு கட்டைவிரல்களுக்கும் கீழே சதுரமான இரண்டு டிராக்பேடுகள் இடம் பிடித்திருக்க, லீஜியன் கோவில் அந்த இடமெல்லாம் திரையின் வசம் போய், வலக் கன்ட்ரோலரில் மட்டும் சிறிய டிராக்பேடு ஒன்று எஞ்சியிருப்பது புலனாகும். எடையிலோ வித்தியாசம் இன்னும் கூர்மையானது. லீஜியன் கோவின் திரையுடல் மட்டும், கைகள் ஏதுமின்றி, 640 கிராம். 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓஎல்இடி, கைப்பிடி, ஜாய்ஸ்டிக், டிராக்பேடு, 50 வாட்-மணி பேட்டரி எல்லாவற்றோடும் சேர்ந்து, அதே 640 கிராம். லீஜியன் கோவின் பேட்டரியோ 49.2 வாட்-மணி. நியாயமாகச் சொன்னால், லீஜியன் கோவின் திரை 2560க்கு 1600 புள்ளிகள் கொண்டது. அதன் இசட்1 எக்ஸ்ட்ரீம் சில்லு 30 வாட் வரை உறிஞ்ச வல்லது. டெக்கின் சில்லோ 15 வாட்டோடு நின்றுவிடும். அதிகச் சூட்டை வெளியேற்ற அதிக உலோகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கன்ட்ரோலர்களைப் பொருத்தினால் 854 கிராமாகும் ஒன்றை, படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே நெடுநேரம் தூக்கிப் பிடிப்பவர் யார்?

இங்கேதான் காரணகாரியத் தொடர் தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். கைகள் பிரிய வேண்டும் என்பதற்காகத் திரை பெரிதாகவில்லை. திரை பெரிதானதால் எடை கூடி, எடை கூடியதால் கருவியை மேஜைமீது நிறுத்தப் பின்புறம் ஒரு தாங்கி தேவைப்பட்டு, மேஜைமீது நின்றதால் கைகள் பிரிய நேர்ந்தது. விளம்பரம் இதைச் சுதந்திரம் என்று வர்ணிக்கிறது; என் கண்ணுக்கு அது பெரிய திரை எழுதிவைத்த கடன் பத்திரமாகப் படுகிறது.

அக்கடனுக்கான வட்டி இணைப்பிடத்தில் வசூலாகிறது. ஒரு கையால் தேநீர்க் கோப்பையை எடுப்பதற்காக லீஜியன் கோவை இடக்கையால் மட்டும் பிடிப்பதாகக் கொள்வோம். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள திரையுடல் முழுவதும், அதன் கோடியில் சுமார் 107 கிராம் எடையுள்ள வலக் கன்ட்ரோலரும், இடப்புற இணைப்பு ஒன்றிலேயே தொங்கும். திரையுடலின் எடை அதன் நடுவில் குவிந்திருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், அந்த இணைப்பு தாங்க வேண்டிய முறுக்கம் ஏறத்தாழ 0.9 நியூட்டன்-மீட்டர். ஒரே ஓடாக வார்த்த உடலில் இவ்விசை பின்புறத் தகடு முழுவதும் பரவிவிடும். பிரியும் உடலிலோ ஒரு கொக்கியும் ஒரு தடமும் அதை ஏற்க வேண்டும், மேலும் அந்தத் தடம் எளிதில் நழுவுமளவுக்குத் தளர்வாகவும் ஆடாதபடி இறுக்கமாகவும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். கையில் உணரப்படும் அந்த லேசான ஆட்டத்துக்குத் தொழிற்சாலையின் அசிரத்தையைக் குறை சொல்வது பொருந்தாது. அது இந்த முரணான நிபந்தனையின் விளைவு. பேட்டரி விஷயமும் இத்தகையதே: பிரிந்து இயங்கும் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் 900 மில்லி-ஆம்பியர்-மணி பேட்டரி உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6.7 வாட்-மணி, பிரதான பேட்டரியில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. விளையாட்டு நடுவே கணினி அணையும் தறுவாயில் இருக்கும்போதும் அந்தச் சக்தியை அது தொட முடியாது.

இவ்வளவுக்கும் ஈடாக லீஜியன் கோ அளிக்கும் ஒரே அசலான அனுகூலம் மவுஸ் பயன்முறை. வலக் கன்ட்ரோலரைக் கழற்றி, அதன் அடியில் உள்ள சிறு விசையைத் தள்ளி, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பீடத்தில் செங்குத்தாக நிறுத்தினால், அடிப்பாகத்தில் உள்ள ஒளி உணரி மேஜைப் பரப்பைப் படிக்கத் தொடங்குகிறது. கைகுலுக்க நீட்டிய நிலையில் மணிக்கட்டு நிற்க, பின்புறத்துச் சக்கரம் விரலுக்கு எட்டுகிறது, இடக்கை தனிப் பாதியின் ஜாய்ஸ்டிக்கால் பாத்திரத்தை நகர்த்துகிறது. சுடும் விளையாட்டுகளில் கட்டைவிரலால் குறிபார்ப்பதைவிட முழுக்கையால் குறிபார்ப்பது துல்லியமானது என்பதில் கணினி விளையாட்டாளரிடையே கருத்து வேற்றுமை கிடையாது. இது ஸ்விட்ச்சிடம் இரவல் வாங்கிய யோசனையும் அன்று. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, காந்தத்தால் ஒட்டும் தன் புதிய ஜாய்-கான்களுக்கு மவுஸ் வேலையைக் கொடுத்தபோது, லீஜியன் கோவே அதற்கு மூத்தது. ஆனால் இந்த யுக்திக்கு மேஜை வேண்டும். ரயில் இருக்கையிலோ கட்டிலிலோ அது இல்லை. கணினியின் நெடுநாளைய குறையான மவுஸ் இன்மையைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன: கட்டைவிரலுக்கு டிராக்பேடு தருவது ஒன்று, கையை உடலிலிருந்து பிரித்து மேஜையில் வைப்பது மற்றொன்று. முதல் வழி துல்லியத்தில் குறைந்தது. ஆனால் கருவி கையடக்கமாகவே நீடிக்கிறது. இரண்டாவது வழி துல்லியத்தைத் தந்துவிட்டு, கையடக்கம் என்ற குணத்தையே அந்நேரத்துக்கு ரத்து செய்துவிடுகிறது.

லெனோவோவின் பின்னைய நடத்தை இவ்வாதத்துக்கு ஓரளவு சாட்சி. 2025 தொடக்கத்தில் அது அறிவித்த லீஜியன் கோ எஸ், பிரியாத கைகளும் 8 அங்குலத் திரையும் கொண்டது. சுமார் 740 கிராம் எடைக்குள் 55.5 வாட்-மணி பேட்டரி அடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காட்டிய லீஜியன் கோ 2, கழற்றும் அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டு 74 வாட்-மணிக்கு உயர்ந்தபோது எடை 920 கிராமைத் தொட்டது. போட்டியாளரான அசுஸ், திரையை 7 அங்குலத்தோடு நிறுத்தி, 2024இல் வந்த ஒற்றை உடலான ஆலி எக்ஸில் 80 வாட்-மணியை 678 கிராமுக்குள் வைத்ததை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான நியாயம் உண்டு; விற்பனையாளர் அதைச் சொல்லக் கேட்டதில்லை. கையடக்கக் கருவியில் முதலில் தேயும் உறுப்பு ஜாய்ஸ்டிக். முதல் ஸ்விட்ச்சில் தொடாமலே நகரும் ஸ்டிக் பெரும் புகாராகி வழக்குகளுக்கு இடமளித்தபோதும், உடைமையாளர் திரையுடலைத் திறக்காமல் பழுதான பாதியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. லைட் வாங்கியவர் முழுக் கருவியையும் பழுதுபார்க்க அனுப்ப நேர்ந்தது. ஸ்டீம் டெக்கில் திருகாணி முடுக்கியைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஐஃபிக்சிட் மூலம் உதிரி ஜாய்ஸ்டிக்குகள் கிடைக்கின்றன. மற்றவர்களுக்கு அது பிரயோஜனப்படாது. தேய்மானத்தைத் தாங்கும் காந்த உணரி ஜாய்ஸ்டிக்குகளை லீஜியன் கோ ஏற்கெனவே கொண்டிருப்பதால், விசித்திரமாக, பிரிக்கும் அமைப்பின் இந்த நியாயம் மிகக் குறைவாகத் தேவைப்படும் கருவியிலேயே அது முழுமையாக வாய்த்திருக்கிறது.