ஹல் இல்லமும் சிறுவர் நலனும்

சமூகத் தொண்டின் வரலாற்றிலே, வறியோர்க்கு ஈதல் என்ற நிலை வறியோருடன் வாழ்தல் என்ற நிலையாக மாறிய கட்டம் சிறப்பாக நோக்கற்பாலது. அம்மாற்றத்தில் பல்கலைக்கழகத்தினர்க்குப் பெரும் பங்குண்டு. 1884ஆம் ஆண்டில் சாமுவேல் பானெற் என்னும் மதகுரு கிழக்கு இலண்டனில் ரொயின்பி மண்டபத்தை நிறுவி, ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தினரைத் தொழிலாளர் நடுவே தங்கி வாழச் செய்தார். 1888இல் அதனை நேரிற் கண்ட அமெரிக்கப் பெண்மணி ஜேன் அடம்ஸ், தம் தோழி எலன் ஸ்ரார் என்பாருடன் 1889 செப்ரெம்பரில் சிக்காகோ நகரத்துப் பழைய மாளிகையொன்றிற் குடிபுகுந்தார். அதுவே ஹல் இல்லம்.

அயலில் வாழ்ந்தோர் பெரும்பாலும் இத்தாலி, ஜேர்மனி, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோராவர். அங்கு முதலிற் கண்ட ஊனமுற்ற குழந்தைகள் மூவரைப் பற்றி அடம்ஸ் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். ஒரு குழந்தை சாளரத்தினின்று வீழ்ந்தது, மற்றொன்று தீக்காயமுற்றது, மூன்றாவது, மூன்றாண்டுகள் பகல் முழுதும் சமையலறை மேசைக் காலிற் கட்டப்பட்டிருந்தமையால் முதுகு வளைந்தது. மூவரின் தாய்மாரும் அவ்வேளைகளில் வேலைக்குச் சென்றிருந்தனர். இந்நிலையைக் கண்டே இல்லத்தார் குழந்தைகளுக்கான பகற் காப்பகத்தை நடத்தினர். சிறுவர் பள்ளி, இளைஞர் கழகங்கள், விளையாட்டிடம் ஆகியனவும் அங்கு உருவாயின.

எனினும், அவர்களை மேலும் சிந்திக்கத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். முதலாவது நத்தார்ப் பண்டிகையில் இனிப்புகளை வழங்கியபோது, சில சிறுமியர் அவற்றைப் பெற மறுத்தனர். இனிப்புத் தொழிற்சாலையில் ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்த அவர்கள், இனிப்பைக் காணவும் சகியாதிருந்தனர். கொடை மட்டும் போதாது என்பதை அறிவுறுத்த இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதன்பின் இல்லத்தார் ஆய்விலும் சட்டச் சீர்திருத்தத்திலும் முனைந்தனர். அங்கு வாழ்ந்த புளோரன்ஸ் கெலி தொழிலகங்களை ஆராய்ந்து வெளிப்படுத்திய உண்மைகள், 1893ஆம் ஆண்டின் இல்லினோய் சட்டத்திற்கு வழிகோலின. பதினான்கு வயதிற்குட்பட்டோரை ஆலைகளில் வேலைக்கமர்த்தல் தடுக்கப்பட்டது. பிள்ளைகளின் கூலியை நம்பியிருந்த பெற்றோர் சிலர் இதனை வெறுத்தனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. பெண்களுக்கு எட்டு மணிநேர வேலை என்ற பிரிவை 1895இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் முயற்சி தளரவில்லை. 1899இல் அமெரிக்காவின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் சிக்காகோவில் அமைந்தது. அதற்காக உழைத்த ஜூலியா லத்றொப், 1912இல் மத்திய அரசு நிறுவிய சிறுவர் நலப் பணியகத்தின் முதற் தலைவரானார். அடம்ஸ் 1931இல் சமாதானத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்த அவ்வில்லம் 1960களிற் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. இல்லினோய் பல்கலைக்கழக வளாகத்திற்கு இடம் வேண்டியே அவ்வாறு செய்யப்பட்டது. பல்கலைக்கழகத்தார் ஈன்ற கருத்தின் உறைவிடத்தைப் பல்கலைக்கழகமே விழுங்கியமை வரலாற்றின் முரணன்றோ! வேறிடங்களிற் பணியைத் தொடர்ந்த ஹல் இல்லச் சங்கமும் 2012 ஜனவரியில் நிதி நெருக்கடியால் மூடப்பட்டது.

இல்லம் மறைந்தது, ஆயின், சிறுவரைத் தனியே விசாரிக்கும் நீதிமன்ற முறை உலகின் பல நாடுகளில் இன்றும் நிலவுகின்றது. தொண்டு நிறுவனங்கள் பணமுள்ளவரை வாழ்வன. அவை சட்டமாக்கிய நீதியோ அவற்றிற்குப் பின்னும் வாழ்வது. அயலாரின் துன்பத்தை அருகிருந்து அறிந்து, அறிந்ததை ஆய்ந்து, ஆய்ந்ததை உரிமையாக்குதல் கற்றோர் கடனாகும். இனிப்பை மறுத்த சிறுமியர் உலகிற்குக் கற்பித்த பாடமும் அதுவே.