புத்திரசோகம் (சிவகாசிப் பட்டாசு வட்டாரம்)

புத்திரசோகம் என்பது பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் பல ஆண்டுகள், சிலரிடம் ஆயுள் முழுவதும், நீடிக்கும் துயரமும் பதற்றமும் ஆகும். இத்துயரம் தன்னளவில் நோயன்று. அன்றாட வாழ்வை முடக்கியபடி ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாதிருந்தால், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு அதனை ‘நீடித்த துயரக் கோளாறு’ என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதங்களை வரம்பாகக் கொள்கிறது.

தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, தன்னையே குற்றஞ்சாட்டுதல், எஞ்சிய பிள்ளைகளை வெளியே அனுப்ப அஞ்சுதல் ஆகியன இதன் அறிகுறிகள். இழப்பை நினைவூட்டுபவை பதற்றத்தைக் கிளறும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் வெடியோசையும் வெடிமருந்து நெடியும் பட்டாசுப் பிழைப்போடு கலந்தவை. பிள்ளையை இழந்த பெற்றோர் அவற்றிலிருந்து விலகியிருக்க வழி குறைவு.

சிவகாசியில் 1991இல் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கவனத்தில் கொண்டது. அவ்வழக்கின் 10 டிசம்பர் 1996 தீர்ப்பு, அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதிக்குச் செலுத்தப் பணித்தது. பின்னர் இதே மாவட்டத்தின் முதலிப்பட்டி (5 செப்டம்பர் 2012), அச்சங்குளம் (12 பிப்ரவரி 2021) பட்டாசு ஆலை விபத்துகளும் பல உயிர்களைப் பலிகொண்டன. நிவாரணம் என்றால் பெரும்பாலும் பணமே பேசப்படுகிறது; பெற்றோரின் துயரம் அல்ல.

நீடித்த துயரக் கோளாறுக்குத் துயரத்தை மையப்படுத்திய உரையாடல் சிகிச்சையே முதன்மையானது. உடனிருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து தரப்படும். மாவட்ட மனநலத் திட்டத்துடன், அக்டோபர் 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ (14416) தொலைபேசிச் சேவை தமிழிலும் கிடைக்கிறது.