பலாப்பழமும் பந்தயக் காரும்

வாசலூர்பட்டியில் வாங்கிய ஆறு பலாப்பழங்களையும் காரின் டிக்கியில் அடுக்கிவிட்டேன். டிரைவர் பேசாமல் நாலை எடுத்துப் பின் ஸீட்டின் காலடியில் வைத்தார்.

"கனம் நடுவிலே இருந்தாத்தானுங்க வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். எழுபது வளைவு இறங்கோணுமுங்களே!"

பந்தய உலகம் இந்தப் பாடத்தைப் படிக்க வெகுகாலம் பிடித்தது. வண்டிக்கு முன்னே குதிரையைக் கட்டிய பழக்கமோ என்னவோ, பந்தயக் கார்களில் பெரும்பாலும் எஞ்சினை முன்னாலேயே வைத்தார்கள். பின் நுனியில் கனம் மிகுந்தால் முன் சக்கரத்தின் பிடி தளரும். முன் நுனியில் மிகுந்தால் வளைவில் திரும்ப அடம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் கூப்பர் என்ற தந்தையும் மகனும் எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வைத்தார்கள். 1958-ல் அர்ஜென்டினாவில் அந்த இலேசான காரில் ஸ்டிர்லிங் மாஸ் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டும் அதே கூப்பரில் ஜாக் பிரபாமுக்கு உலகப் பட்டம். 1961-ல் பெராரியும் வழிக்கு வந்தது.

நம் கோயமுத்தூர் கரிவரதன் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குடும்பங்கள் ஓட்டிய மாருதி 800-ல் எஞ்சின் முன்னால் இருந்தது. அதையே எடுத்து ஓட்டுபவருக்குப் பின்னே பொருத்தி, சிக்கனமான பந்தயக் கார் செய்தார். பார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் பழகிய நாராயண் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் களத்தில் இறங்கினார்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார்.

அடிவாரம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஒரு பழமும் உருளவில்லை. டிரைவருக்கு ஒன்றைக் கொடுத்தேன், குருதட்சிணை வேண்டாமா?