சால்வையும் கழுத்துப்பட்டியும்: இரு சொற்கள் உணர்த்தும் சமூக வரலாறு

உடை மானங்காப்பதற்கு மட்டுமன்றி மதிப்பை உணர்த்துவதற்கும் பயன்பட்டு வந்துள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், ஆடவரின் தோளையும் கழுத்தையும் சார்ந்த சிறப்புடைகள் இரண்டு. ஒன்று சால்வை, மற்றையது கழுத்துப்பட்டி. இவற்றின் பெயர்களை ஆராயுமிடத்து, இவை அணியப்பட்ட வரலாறும் புலப்படுகின்றது.

ஆடவர் மேலாடையைக் குறிக்கும் உத்தரீயம், அங்கவஸ்திரம் என்பன வடசொற்கள். தமிழ்நாட்டில் 'துண்டு' என்னும் சொல் பெருவழக்குப் பெற, ஈழத்தில் 'சால்வை' என்பதே நிலைபெற்றது. இது பாரசீகத்தின் 'ஷால்' என்பதனடியாகப் பிறந்தது. மரபுடை எனப் போற்றப்படும் வேட்டி சால்வையில் ஒரு பாதியின் பெயர் இவ்வாறு பிறமொழி வழி வந்ததேயாகும்.

மேனாட்டுக் கழுத்தணியின் வரலாறும் இத்தகையதே. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பணிபுரிந்த குரோவேசியப் படைவீரர் கழுத்தில் கட்டிய துணியே 'கிரவற்' எனப் பெயர் பெற்றது. அதன் வழிவந்த 'ரை' ஆங்கிலக் கல்வியுடனும் அரச உத்தியோகத்துடனும் இலங்கைத் தமிழரிடையே பரவியது. அதன் வடிவை நோக்கி எழுந்த சொல்லே கழுத்துப்பட்டி. 1905இல் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவிய ஆனந்த குமாரசுவாமி, ஐரோப்பிய உடையைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசும் தேசிய உடையை வலியுறுத்தியது.

ஆயினும், தேசிய உடை எல்லார்க்கும் உரியதாய் இருந்ததா என்னும் வினா எழுகின்றது. சால்வையின் பொருள் அது தங்கும் இடத்தைப் பொறுத்தது. தோளில் கிடக்கையில் அது மதிப்பு, இடையில் கட்டப்படுகையில் பணிவு, வயல்வெளியில் தலைப்பாகை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயம் போன்ற வழிபாட்டிடங்களில் அடியவர் அதனை இடையிற் கட்டுவது தாமே விரும்பிக் காட்டும் பணிவாகும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியினர் முன் தோளில் சால்வை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. அங்கு அது சுமத்தப்பட்ட பணிவாயிற்று. தமிழ்நாட்டிலும் நாதசுரக் கலைஞர் செல்வர் முன் தோளில் துண்டணிய இயலாதிருந்தனர். கானாடுகாத்தானில் இவ்வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எதிர்த்து நின்றார்.

1930களின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டின் காணியற்ற மக்கள் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தமையால், இவ்வரலாறு வன்னிக்குப் புறம்பானதன்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதி காரணமான சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கிற்று. எனினும், சட்டத்துடன் வழக்கம் உடனே மாறிவிடவில்லை என்பதை 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் காட்டியது.

இன்று கழுத்துப்பட்டி பாடசாலைச் சீருடையிலும் இடம்பெறுகின்றது. சால்வை திருமணத்திலும் திருவிழாவிலும் விளங்குகின்றது. ஒன்று அந்நியம், மற்றையது நமது எனப் பிரிப்பது எளிது. ஓர் உடை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனை அணியும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.